விழுந்த கை எழுமா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

"நடக்கிறாரே, அதுவே பெரிது!" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால், அவருடைய வலது கை?

அது தொங்குகிறது!

சட்டைப் பொத்தானைப் போட மனைவி வர வேண்டும். சோற்றைப் பிசைந்து கொடுக்க மகள் வர வேண்டும். பீச்சாங்கையால் சாப்பிட அவருக்கு வெட்கம். வெளியே கல்யாணம், காதுகுத்து என்றால் போவதில்லை. நாளாக நாளாக அந்தக் கை மடங்கி, விறைத்து, மார்போடு ஒட்டிக்கொள்கிறது.

எர்ணாவூரில் இது சின்ன விஷயம் அல்ல. எர்ணாவூர் கையை நம்பிப் பிழைக்கும் ஊர். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது கை. கிழிந்த வலையைப் பின்னுவது கை. மீனை ஆய்வது கை. பட்டறையில் சுத்தியல் அடிப்பது கை.

ஆபீசில் வேலை பார்ப்பவருக்கு ஒரு கை போனால் லீவு உண்டு, சம்பளம் உண்டு. தினக்கூலிக்கு ஒரு கை போனால் அன்றைக்கே அடுப்பு அணைந்துவிடும்.

அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு புதிய வித்தைகள் வந்திருக்கின்றன. ஒன்று, கண்ணில் மாட்டும் மாயக்காட்சி. ஆங்கிலத்தில் 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்கிறார்கள். இன்னொன்று, மூளைக்குக் காந்தமும் மின்சாரமும் கொடுப்பது.

இவை உண்மையா? எர்ணாவூருக்கு எட்டுமா? எட்டினாலும் பிரயோசனம் உண்டா?

கால் வந்தது, கை ஏன் வரவில்லை?

வலது கையை ஆட்டிவைப்பது மூளையின் இடது பக்கம். இடது கையை ஆட்டிவைப்பது வலது பக்கம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, வெடித்தாலோ, அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. சிறிது நேரத்தில் அந்த இடம் செத்துவிடுகிறது. அதுதான் பக்கவாதம்.

செத்த இடம் பிழைக்காது. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

ஆனால், பக்கத்தில் உயிரோடு இருக்கிற இடம், செத்துப்போன இடத்தின் வேலையைக் கற்றுக்கொள்ளும். அண்ணன் கடலுக்குப் போக முடியாவிட்டால் தம்பி போவது போல! ஆனால் தம்பிக்குத் தொழில் தெரியாது. முதலில் தடுமாறுவான். திரும்பத் திரும்பப் போனால்தான் பழகும்.

காலுக்கு இது சுலபம். கால் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும், ஊன்றுகோல் போல நின்று கொடுக்கும். கைக்கு அப்படி முடியாது. ஐந்து விரலும் தனித்தனியே அசைய வேண்டும். மூளையிலும் கைக்கும் விரல்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம் பெரியது. அதிகமாக அடைத்துக்கொள்ளும் ரத்தக் குழாயும், கைக்கு உரிய பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயாகவே இருக்கிறது. காலுக்கு உரிய பகுதிக்கு வேறு குழாய்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நாமே செய்துகொள்வது.

கை வரவில்லை என்றதும் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யத் தொடங்குகிறோம். சும்மா கிடக்கும் கையை மூளை மறந்துவிடுகிறது. இதைக் கண்டு சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் டாப். அவர் சொன்ன வைத்தியம் வேடிக்கையானது. "நல்ல கையைக் கட்டிப் போடு!" என்றார். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, இரண்டு வாரம் கெட்ட கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். 222 பேரை வைத்துச் சோதித்து, 2006-ம் ஆண்டில் முடிவைச் சொன்னார்கள். கை நன்றாகத் தேறியிருந்தது! ஆனால், விரலிலும் மணிக்கட்டிலும் கொஞ்சமாவது அசைவு உள்ளவருக்குத்தான் இது பொருந்தும்.

அசைவே இல்லாதவர் என்ன செய்வது?

ராயபுரத்தில் படித்தவரின் கண்ணாடி

எர்ணாவூரில் இருந்து சுமார் 10 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது, ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வட சென்னையில் யாருக்கு என்ன வந்தாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லுவார்கள்.

அந்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனவர், வி. எஸ். ராமச்சந்திரன். 1951-ம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்தவர். அரசியல் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன். ஸ்டான்லியில் படித்தபின் இங்கிலாந்து போனார். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளையைப் பற்றி ஆராய்ந்தார். 2007-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தது.

அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? ஓர் அட்டைப் பெட்டிக்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். அவ்வளவுதான்!

விபத்தில் கை போனவர்களில் பலருக்கு, இல்லாத கையில் வலி இருக்கும். அப்படிப்பட்ட ஒருவரை, நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் கை, போன கை திரும்பி வந்தது போல இருக்கும். நல்ல கையை விரித்தால், போன கையும் விரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு வலி குறைந்தது. மூளையைக் கண்ணால் ஏமாற்றிவிட்டார்!

இதே கண்ணாடியைப் பக்கவாதத்துக்கு வைத்தால் என்ன? ராமச்சந்திரனும் அவரோடு இருந்தவர்களும் 9 நோயாளிகளை வைத்துப் பார்த்து, 1999-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 9 பேர் மிகக் குறைவு. ஆனால் உலகம் பூராவும் டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2018-ல் 62 சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். அவற்றில் இருந்த நோயாளிகள் 1,982 பேர். கண்ணாடிப் பயிற்சி செய்தவர்களுக்குக் கை அசைவு கூடியிருந்தது. பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூடியது உண்மை.

சில நூறு ரூபாய்க் கண்ணாடி!

மாயக்காட்சி என்ன செய்கிறது?

அந்தக் கண்ணாடியின் பணக்காரப் பேரன்தான் மாயக்காட்சி.

கண்களை மூடிக்கொள்ளும் ஒரு பெட்டியைத் தலையில் மாட்டுகிறார்கள். உள்ளே ஒரு சமையல் அறை தெரியும். அல்லது ஒரு தோட்டம் தெரியும். நோயாளி கையை ஓர் அங்குலம் அசைத்தால், உள்ளே தெரியும் கை ஓர் அடி நீண்டு மாம்பழத்தைப் பறிக்கும். மூளைக்குச் சந்தோஷம்! "நம்மால் முடிகிறதே!" என்று இன்னொரு தடவை முயற்சி செய்யும். சிலவற்றில் தலையில் மாட்டும் பெட்டி கிடையாது. டெலிவிஷன் மாதிரித் திரையைப் பார்த்து விளையாடினால் போதும்.

இதனால் கை வருகிறதா?

2017-ல் 72 சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். சாதாரணப் பயிற்சியை விட மாயக்காட்சி மேல் என்று சொல்ல முடியவில்லை. ஆனால், சாதாரணப் பயிற்சியோடு இதையும் சேர்த்துக் கொடுத்து, பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பயன் இருந்தது. 2025-ல் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். இப்போது 190 சோதனைகள். 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். மாயக்காட்சியால் கை கொஞ்சம் கூடுதலாகத் தேறுகிறது என்று வந்தது.

கொஞ்சம்! அந்த வார்த்தையை மறக்கக் கூடாது. ஏனென்றால், விளம்பரம் செய்கிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

காந்தம் காட்டிய பாடம்

1985-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் அந்தோணி பார்க்கர் என்ற விஞ்ஞானி, ஒரு மின்சாரச் சுருளை ஒருவர் தலைமேல் வைத்து விசையைத் தட்டினார். எதிர்ப் பக்கத்துக் கை துள்ளியது! மண்டையைத் திறக்கவில்லை. ஊசி இல்லை. காந்தம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளையைத் தட்டி எழுப்பியது.

கை தானாகத் துள்ளுவதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். டாக்டர்களுக்கும் வந்தது. பக்கவாதத்தில், மூளையின் நல்ல பக்கம் கெட்ட பக்கத்தை அடக்கி வைக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. நல்ல பக்கத்தைக் காந்தத்தால் கொஞ்சம் அமைதிப்படுத்தினால், கெட்ட பக்கம் தலை தூக்கும் அல்லவா?

அமெரிக்காவில் 199 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான காந்தம். மற்றவர்களுக்கு வேலை செய்யாத பொய்க் காந்தம். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. எல்லோருக்கும் கைப்பயிற்சி உண்டு. 2018-ல் முடிவு வந்தது.

உண்மைக் காந்தம் பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேர் தேறினார்கள்.

பொய்க் காந்தம் பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேர் தேறினார்கள்!

இந்த இரண்டு எண்களையும் பார்க்கும்போது, "காந்தம் தோற்றுவிட்டது" என்று சொல்லத் தோன்றும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பொய்க் காந்தத்தோடு 65 பேர் எப்படித் தேறினார்கள்? பயிற்சி! வாரக்கணக்கில், ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்த பயிற்சி. இரண்டு பகுதியினருக்கும் பொதுவாக இருந்தது அதுதானே?

மெல்லிய மின்சாரத்துக்கும் இதே கதிதான். தலையில் ஈரப் பஞ்சு வைத்து, பேட்டரியில் இருந்து மிகச் சிறிய மின்சாரம் அனுப்புவார்கள். 129 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2025-ல் வந்தது. மின்சாரம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசம் இல்லை.

ஒன்றில் மட்டும் நல்ல முடிவு கிடைத்திருக்கிறது. அது மூளையைத் தொடுவது கூட இல்லை. கழுத்தில் ஓடும் ஒரு நரம்பைத் தொடுவது. நெஞ்சுக்குள் சிறு கருவியை ஆபரேஷன் செய்து வைத்து, நோயாளி கையை அசைக்கிற அதே நொடியில் அந்த நரம்பைத் தட்டுகிறார்கள். 108 பேரை வைத்துப் பார்த்ததில், உண்மையான தட்டுப் பெற்றவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு நல்ல பலன். மற்றவர்களில் 24 பேருக்கு. 2021-ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. இங்கேயும் கையை அசைத்தால்தான் தட்டு! நோயாளி நூற்றுக்கணக்கான தடவை அசைத்தாக வேண்டும். சும்மா படுத்துக்கொண்டிருந்தால் கருவியும் சும்மா இருக்கும்.

32 தடவை போதுமா?

அமெரிக்காவிலேயே ஒரு கணக்கு எடுத்தார்கள். பயிற்சிக்கு வரும் பக்கவாத நோயாளி, ஒரு நாள் பயிற்சியில் கெட்ட கையால் எத்தனை தடவை உருப்படியான வேலை செய்கிறார்? 2009-ல் வந்த பதில்: சராசரி 32 தடவை.

ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குக்கும் எலிக்கும் மூளை மாறுவதற்கு, ஒரு நாளில் பல நூறு தடவை பயிற்சி கொடுத்தார்கள்.

வலை பின்னக் கற்றுக்கொள்ளும் பையன் 32 முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து போனால், அவனுக்கு வலை பின்ன வருமா?

லண்டனில் குயின் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில் 3 வாரத்தில் 90 மணி நேரம் கைப்பயிற்சி கொடுத்தார்கள். 224 பேருக்குச் செய்ததை 2019-ல் எழுதினார்கள். அவர்களில் பலருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. கை தேறியது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் தேறியபடியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத கூட்டம் அதில் இல்லை என்பது குறைதான். ஆனாலும், "ஆறு மாதம் போய்விட்டது, இனி வராது" என்று கையைக் கழுவுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். எர்ணாவூருக்கு முதலில் வேண்டியது காந்தம் அல்ல. தினமும் மணிக்கணக்கில் கையைப் பழக்க ஓர் இடமும், பழக்கிவிட ஓர் ஆளும்தான்.

"வீட்டிலேயே செய்யுங்கள்" என்பது போதாது

"கண்ணாடி மலிவு என்கிறீர்களே, ஆளாளுக்கு ஒன்று வாங்கி வீட்டில் செய்துகொள்ளட்டுமே!" என்று அதிகாரிகள் சொல்லலாம். அதையும் இந்தியாவில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியனும் வெளிநாட்டு டாக்டர்களும் சேர்ந்து நடத்திய சோதனை அது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகள்; 1,250 நோயாளிகள். பாதிப் பேருடைய குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுக்கக் கற்றுத்தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். 6 மாதம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் நூற்றுக்கு 47 பேர் இறந்தோ, பிறரை நம்பியோ இருந்தார்கள். வித்தியாசமே இல்லை! 2017-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மனைவி மீன் விற்கப் போக வேண்டும். மகன் ஷிப்டுக்குப் போக வேண்டும். மருமகளுக்குக் கைக்குழந்தை. சுனாமிக் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டுக்குள் ஐந்தாறு பேர். யார் உட்கார்ந்து முன்னூறு தடவை எண்ணுவது? அன்பு இல்லாமல் இல்லை. நேரம் இல்லை; இடம் இல்லை.

2021-ல் தமிழ்நாட்டு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வந்தன. உடற்பயிற்சி வைத்தியரும் வீடு தேடி வந்தார். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு வைத்தியர் பல வீடுகளுக்குப் போக வேண்டும். அவர் வந்து போவதற்கும் அடுத்த முறை வருவதற்கும் நடுவே கை மறுபடி தூங்கிவிடுகிறது.

ஸ்டான்லிக்குத் தினம் போகலாமே என்பார்கள். விம்கோ நகரில் இருந்து மெட்ரோ ரெயில் போகிறது, உண்மைதான். ஒரு பக்கம் விழுந்தவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடப் போக வேண்டும். இரண்டு பேர் கூலி போய்விடும். அரசாங்கத்தின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் கே.கே.நகரில் இருக்கிறது. எர்ணாவூரில் இருந்து 20 கிலோ மீட்டருக்கு மேல்!

என்ன செய்யலாம்?

மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலத்தில் எர்ணாவூர் இருக்கிறது. அங்கே ஒரு கூடம் வேண்டும். புதுக் கட்டடம் கூட வேண்டாம். சமுதாயக் கூடத்தில், படி ஏறாமல் போகும்படி ஓர் அறை போதும். நான்கு மேஜை. நான்கு கண்ணாடி. டம்ளர், தாழ்ப்பாள், பொத்தான் வைத்த சட்டை, வலை பின்னும் ஊசி, ஒரு பழைய ஸ்டீயரிங். எந்த வேலைக்குத் திரும்ப வேண்டுமோ, அந்த வேலையைச் செய்து பழகுவதுதான் நல்ல பயிற்சி.

முழு நேரமாக ஒரு வைத்தியர். எண்ணுவதற்கு இரண்டு பெண்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தே எடுக்கலாம். பள்ளிக்கூடம் விட்டபின் பேத்தி வந்து, "தாத்தா, நூறு ஆச்சு! இன்னும் அம்பது!" என்று சொன்னால் இன்னும் நல்லது. நான்கு பேர் சேர்ந்து செய்யும்போது அலுப்புத் தட்டாது. அலுப்புத்தான் இந்த வைத்தியத்தின் பெரிய எதிரி.

அலுப்பைப் போக்க மாயக்காட்சி உதவும். அதற்காக அதை நான் வரவேற்கிறேன். "ஏழைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, பணக்காரனுக்கு மாயக் கண்ணாடியா?" என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். கூடம் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு திரையை வாங்கி வைக்கட்டும்.

வெளிநாட்டில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கருவியைச் செய்திருக்கிறார்கள். மேஜைமேல் வைக்கும் சிறு கருவி. ஒரே ஒரு மோட்டார். பிடியை மாற்றினால் மணிக்கட்டுக்கு ஒரு பயிற்சி, முன்கைக்கு ஒரு பயிற்சி, விரலுக்கு ஒரு பயிற்சி. நோயாளி திரையைப் பார்த்து விளையாடுவார். கை பாதியில் நின்றால் மோட்டார் கைகொடுக்கும். இந்த மாதிரிக் கருவி ஒன்று எர்ணாவூருக்கு வரலாம்.

காந்தத்தைப் பெரிய ஆஸ்பத்திரிகள் ஆராயட்டும். மனச்சோர்வுக்கு அது உதவுகிறது. கைக்கும் ஒரு நாள் உதவலாம். அதுவரை, "பத்துத் தடவை காந்தம் வைத்தால் கை வந்துவிடும்" என்று யாராவது பணம் கேட்டால், தாலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். "பயிற்சி எத்தனை மணி நேரம் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். வலிப்பு உள்ளவர், தலைக்குள் உலோகம் உள்ளவர், நெஞ்சில் பேஸ்மேக்கர் உள்ளவர் தலையருகே அந்தக் காந்தத்தை வைக்கவே கூடாது.

கூடம் வரும்வரை என்ன செய்வது?

மேஜை நடுவில் கண்ணாடியை நிறுத்துங்கள். கெட்ட கை கண்ணாடிக்குப் பின்னால். நல்ல கை முன்னால். மோதிரம், வாட்சு, வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் கையையே பார்த்துக்கொண்டு, நல்ல கையை மெதுவாக விரித்து மூடுங்கள். பின்னால் உள்ள கையையும் அதேபோல அசைக்க முயற்சி செய்யுங்கள். அசையாவிட்டாலும் முயற்சி செய்யுங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள். குறைந்தது நான்கு வாரம். முதல் நாள் மட்டும் ஆஸ்பத்திரி வைத்தியரிடம் காட்டிக் கற்றுக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. அவரைப் படுக்கையில் இருந்து தூக்கும்போது கெட்ட கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். பிறகு வலி தாங்காமல் பயிற்சிக்கே வரமாட்டார். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்குங்கள். உட்காரும்போது அந்தக் கை தொங்காமல், மடியிலோ தலையணையிலோ இருக்கட்டும்.

ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு வேளை கூட விட வேண்டாம். மறுபடியும் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.